குன்னூர் பாஸ்டர் நிறுவனம்: ஒரு மலை ஆய்வகத்தின் உலகத் தொடர்புகள்

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் பழக்கண்காட்சி பார்க்க வருகிறவர்கள், பூங்காவுக்கு எதிரே உள்ள பழைய ஆய்வக வளாகத்தைக் கவனிக்காமலேயே கடந்துபோய் விடுகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது 'பாஸ்டர் இன்ஸ்டிடியூட்'. எஸ்டேட் லைன் வீடுகளில் வளர்ந்த மூத்தவர்களுக்கோ அது நாய்க்கடி ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சத்தோடு சேர்ந்தே அந்தப் பெயர் அவர்கள் நினைவில் தங்கியிருக்கிறது. அந்த ஊசி மருந்தைத் தயாரித்த இடமும், உலகின் பல நாடுகளோடு நோய்ச் செய்திகளையும் கிருமி மாதிரிகளையும் பரிமாறிக்கொண்ட இடமும் ஒன்றுதான் என்பது நீலகிரிக்காரர்களிலேயே பலர் அறியாத செய்தி.

ஒரு நாட்டின் மருத்துவ மையம் சர்வதேச சுகாதார ஒத்துழைப்பில் என்ன பங்கு வகிக்கிறது என்று கேட்டால், ஜெனீவா மாநாடுகளும் கையெழுத்தான ஒப்பந்தங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஒப்பந்தங்களுக்கு உயிர் இருப்பது ஆய்வகங்களில்தான். வந்த மாதிரியை முறையாகச் சோதித்து, கிடைத்த முடிவை மறைக்காமல் அனுப்பி, அயல்நாட்டவருக்கும் அந்த வேலையைக் கற்றுக்கொடுத்து, எல்லோருக்கும் பொதுவான அளவுகோலால் தன்னையும் அளந்துகொள்ள ஒப்புக்கொள்ளும் ஆய்வகம் ஒன்று உள்ளூரில் இல்லாவிட்டால் ஒப்பந்தம் வெறும் காகிதம். குன்னூரின் வரலாற்றில் இந்த நான்கு வேலைகளையும் பார்க்கலாம். அவற்றுள் ஒன்றில் அது தடுமாறியதையும் பார்க்கலாம்.

நிறுவனம் பிறந்த கதையிலேயே வெளிநாட்டுத் தொடர்பு இருக்கிறது. 1902-ல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஐரோப்பியப் பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். தென்னிந்தியாவில் அப்போது இதற்குச் சிகிச்சை இல்லை. 1900-ல் தொடங்கப்பட்ட கசௌலி பாஸ்டர் நிறுவனத்துக்குப் போவதென்றால் நாட்டின் மறுகோடிக்கு ரயிலில் பல நாள் பயணம். அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி பிப்ஸ், வைஸ்ராய் கர்சனிடம் அளித்திருந்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டு, 1907 ஏப்ரல் 6-ஆம் தேதி குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. அதே வெறிநோயால் ஆண்டுதோறும் எண்ணற்ற தமிழ்க் கிராமத்தவர் பெயர் தெரியாமல் மடிந்துகொண்டிருந்தபோது, ஓர் ஐரோப்பியப் பெண்ணின் மரணம்தான் அரசின் கவனத்தைத் திருப்பியது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. ஆனால் கட்டடம் எழுந்த பிறகு அங்கே வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் ஏழைகள்.

குன்னூரைத் தேர்ந்ததற்குக் காரணம் குளிர். குளிர்பதனப் பெட்டிகள் பரவலாகாத அந்தக் காலத்தில், விலங்குகளின் நரம்புத் திசுவிலிருந்து எடுக்கும் மருந்தைக் கெடாமல் வைத்திருக்க மலைக்காற்று உதவியது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899-லேயே குன்னூர் வரை வந்துவிட்டதால், சமவெளியில் கடிபட்டவர்கள் மேலே வரவும் மருந்துக் குப்பிகள் கீழே போகவும் வழி இருந்தது. பாஸ்டர் என்ற பெயரைப் பார்த்து இது பாரிஸ் நிறுவனத்தின் கிளை என்று நினைப்பவர்கள் உண்டு. அது கிளை அல்ல; பாஸ்டரின் முறையையும் பெயரையும் ஏற்று இங்கே தனியாக நிறுவப்பட்டது. 1977-ல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் தன்னாட்சி அமைப்பாகி, இந்திய பாஸ்டர் நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது.

உலகத் தொடர்பின் முதல் பெரிய அத்தியாயம் வெறிநோயைப் பற்றியது அன்று, சோற்றைப் பற்றியது. 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர், பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து ஆளைக் கொல்லும் அந்த நோய், தீட்டிய பச்சரிசியையே முதன்மை உணவாகக் கொண்ட ஆந்திரக் கடற்கரையின் வடபகுதி மாவட்டங்களில் மிகுந்திருந்தது. மெக்காரிசன் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே அவற்றுக்கும் கொடுத்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று உண்ட எலிகள் செழித்தன. சென்னை மாகாணத்து ஏழையின் சோற்றுணவை உண்ட எலிகள் நலிந்தன. இதைக் கேட்கும்போது நமக்குச் சற்றுச் சுருக்கென்று தைக்கும். ஆனால் குற்றம் அரிசியின் மீது அல்ல. தவிடு போகத் தீட்டியதும், பாலும் கீரையும் தட்டுக்கு வராததும்தான் குற்றம்.

1928-ல் அந்த அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமானது. மெக்காரிசன் 1935-ல் ஓய்வு பெற, டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட் பொறுப்பேற்றார். அவர் ஜெனீவாவில், ஐக்கிய நாடுகள் அவைக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவில் பணியாற்றி, உணவும் பொதுச் சுகாதாரமும் பற்றிய அறிக்கையை 1935-ல் இணைந்து எழுதியவர். ஜெனீவாவில் கொள்கையாகப் பேசப்பட்டது குன்னூரில் தராசில் ஏறியது. புழுங்கலரிசி உண்ணும் தமிழ்நாட்டில் பெரிபெரி ஏன் அரிதாக இருக்கிறது என்பதற்கு அங்கே விளக்கம் கிடைத்தது: நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, மேலுறையில் உள்ள பி-1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு எவ்வளவு தீட்டினாலும் அதில் பெரும்பங்கு தங்கிவிடுகிறது. முற்றத்தில் அண்டாவை ஏற்றி நெல் அவித்த நம் பாட்டிமார், வைட்டமின் என்ற சொல் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அந்த நன்மையைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

கேழ்வரகு, கம்பு, முருங்கைக்கீரை போன்ற நம் அன்றாட உணவுகளில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, 1937-ல் ஒரு சிற்றேடும் குன்னூரிலிருந்து வெளிவந்தது. இன்று மருத்துவமனை உணவியல் நிபுணர்கள் கையில் வைத்திருக்கும் இந்திய உணவு அட்டவணைகளுக்கு மூதாதை அதுவே. போர் முடிந்து ஐக்கிய நாடுகள் அவையின் உணவு வேளாண் நிறுவனம் அமைந்தபோது, அதன் ஊட்டச்சத்துப் பிரிவின் முதல் இயக்குநராக 1946-ல் சென்றவர் குன்னூரிலிருந்து போன அய்க்ராய்ட்தான். வங்கப் பஞ்சத்துக்குப் பின் அமைந்த விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்த அனுபவமும் அவரோடு சென்றது. ஒத்துழைப்பு என்றால் பணக்கார நாடு கொடுக்க, ஏழை நாடு வாங்கிக்கொள்வது என்று நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது: உலக அமைப்பு தன் உணவுக் கொள்கையை வகுக்கத் தொடங்கியபோது, அதற்கான அனுபவம் நீலகிரியிலிருந்து போயிற்று. சி. கோபாலன் போன்ற இந்திய அறிஞர்கள் ஊட்டக்குறைவு ஆய்வில் கால்பதித்ததும் இங்கேதான். 1958-ல் அந்தக் கூடம் ஐதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே.

இரண்டாவது அத்தியாயம் ஃப்ளூ காய்ச்சல். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு தேசிய மையம் உலக வலைப்பின்னலில் எப்படி இயங்குகிறது என்பது இதில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஃப்ளூ வைரஸ் ஆண்டுக்காண்டு உருமாறுவது. ஒரு நாட்டில் தலைகாட்டும் புதிய வகை மறு மாதம் இன்னொரு நாட்டில் இருக்கும். எனவே உலக சுகாதார நிறுவனம் முறையாகத் தொடங்குவதற்கு முன்பே, 1947-ல், லண்டனில் உலக இன்ஃப்ளூயன்சா மையம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. நாடுதோறும் ஓர் ஆய்வகம் அதற்குக் கண்ணும் காதுமாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தியாவில் அந்தப் பொறுப்பு 1950-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்தது.

அந்த வேலையை அருகிலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும். காய்ச்சல் கண்டவரைத் தொண்டை கொப்பளிக்கச் செய்து அந்த நீரைச் சேகரிப்பார்கள். அது பனிக்கட்டியில் வைக்கப்பட்டு மலையேறும். ஆய்வகத்தில் பத்து, பதினொரு நாள் அடைகாத்த கோழிமுட்டையை விளக்கொளியில் பிடித்து, உள்ளே கரு உயிரோடு இருப்பதை உறுதிசெய்து, ஓட்டில் ஊசிமுனை அளவுக்குத் துளையிட்டு, மாதிரியைச் செலுத்தி, துளையை மெழுகால் அடைப்பார்கள். இரண்டு மூன்று நாள் இளஞ்சூட்டில் வைத்தபின் முட்டையைக் குளிரவைத்து, உள்ளிருக்கும் நீரை உறிஞ்சி எடுத்து, சேவலின் இரத்தச் சிவப்பணுக்களோடு கலப்பார்கள். வைரஸ் இல்லையென்றால் அணுக்கள் குழியின் அடியில் சட்டைப் பொத்தானைப் போல ஒரு புள்ளியாகப் படியும். இருந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலைபோல விரிந்து நிற்கும். அடுத்து, முன்பே அறியப்பட்ட வைரஸ் வகைகளுக்கு எதிரான ஊநீரை, அதாவது எதிர்ப்புப் பொருள் அடங்கிய இரத்தத் தெளிநீரை, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். எந்த ஊநீர் அணுக்கள் அப்படிக் கோத்துக்கொள்வதைத் தடுக்கிறதோ, அந்த வகை வைரஸ். எதுவுமே தடுக்கவில்லை என்றால் மேசை முன் இருப்பவருக்கு நெஞ்சு திடுக்கிடும்: இது புதியது.

1957-ல் அந்த நிலை வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் சீனாவில் கிளம்பிய புதிய ஃப்ளூ, ஏப்ரலில் ஹாங்காங்கை அடைந்து, அங்கிருந்து சிங்கப்பூருக்குப் பரவியது. மக்கள் சீனம் அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் வட்டத்துக்குள் இல்லாததால், உலகத்துக்குச் செய்தி தெரிந்ததே நோய் ஹாங்காங்குக்கு வந்த பிறகுதான். சில வாரங்கள் வீணாயின. மே மாத நடுவில் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த பயணிகள் கப்பலோடு நோய் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. அங்கிருந்து சில மாதங்களில் நாடு முழுவதும் பரவி, 1958 பிப்ரவரிக்குள் அறிவிக்கப்பட்ட நோயாளிகள் மட்டும் ஏறத்தாழ 44 லட்சம். பதிவான இறப்புகள் ஆயிரத்துக்கு மேல். பதிவாகாதவை எத்தனையோ. இந்தக் கணக்கைத் தொகுத்து, நோய் நுழைந்த வழியையும் பரவிய வேகத்தையும் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1959-ல் எழுதியவர் குன்னூர் மையத்தைச் சேர்ந்த ஐ. ஜி. கே. மேனன். அடுத்த பெருந்தொற்றுக்குத் தயாராக வேண்டியவர்கள் திரும்பத் திரும்பப் படித்த கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

இதில் என் மனத்தைத் தொடுவது ஒன்று உண்டு. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய கிருமியின் அடையாளம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஓர் ஆய்வக மேசையில் பார்க்கப்படுகிறது. அந்த மேசையின் செய்தி லண்டனுக்குப் போகிறது. லண்டனில் பல நாட்டுச் செய்திகளோடு அது ஒப்பிடப்பட்டு, எந்த வகை வைரஸுக்குத் தடுப்பூசி செய்யலாம் என்ற முடிவுக்கு உதவுகிறது. ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதைச் சீனத்து வாரங்கள் காட்டிவிட்டன. இந்தியாவின் ஃப்ளூ கண்காணிப்பில் தலைமைப் பொறுப்பு இன்று புனேயின் தேசிய வைராலஜி நிறுவனத்திடம் இருக்கிறது. குன்னூரின் பங்கு அந்தப் பணியின் அடித்தளத்தில் இருக்கிறது.

மூன்றாவது, நிறுவனத்தின் பிறவிப் பணியான வெறிநோய். 1952-ல் உலக சுகாதார நிறுவனம் வெறிநோய்க்கான சர்வதேசப் பயிற்சி வகுப்பைக் குன்னூரில் நடத்தியது. நாய் மூளையின் மெல்லிய பூச்சைச் சாயமேற்றி, நரம்பணுக்குள் செந்நிறமாகத் தெரியும் நெக்ரி துகள்களை நுண்ணோக்கியில் தேடுவது எப்படி, சந்தேகம் இருந்தால் சுண்டெலிக்குச் செலுத்தி உறுதிசெய்வது எப்படி, தயாரித்த தடுப்பு மருந்தின் வீரியத்தை அளப்பது எப்படி என்ற கைவேலைதான் அதன் சாரம். இரண்டே ஆண்டுகளில் அத்தகைய ஆய்வக நுட்பங்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு வெளிவந்தது. அதன் பின்னால் இருந்த எண்ணம் எளிமையானது: சைகோனிலும் குன்னூரிலும் டெஹ்ரானிலும் ஒரே முறையில் சோதித்தால்தான் ஓரிடத்து முடிவை இன்னோரிடம் நம்ப முடியும்.

அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிது என்பதற்கு ஈரான் நிகழ்ச்சி சாட்சி. 1954-ல் ஈரானின் ஒரு கிராமத்தில் வெறிபிடித்த ஓநாய் ஒரே இரவில் 29 பேரைக் கடித்தது. தலையில் கடுமையாகக் கடிபட்டவர்களில் தடுப்பூசி மட்டும் போடப்பட்ட 5 பேரில் 3 பேர் இறந்தார்கள். தடுப்பூசியோடு எதிர்ப்பு ஊநீரும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட 13 பேரில் ஒருவர்தான் இறந்தார். டெஹ்ரான் பாஸ்டர் நிறுவனம் செய்த அந்தச் சிகிச்சைதான், இன்று நம் அரசு மருத்துவமனையில் ஆழமான நாய்க்கடிக்குப் புண்ணைச் சுற்றி ஊநீர் செலுத்துவதற்கு அடிப்படை. ஈரானியக் கிராமத்து அனுபவம் கோத்தகிரியில் கடிபட்ட ஒரு குழந்தையைக் காக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

பழைய நரம்புத்திசு மருந்துக்கு ஒரு பெரிய குறை இருந்தது. ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்துச் செயலிழக்கச் செய்து தயாரித்ததால், மூளைத் திசுவின் புரதத்துக்கு எதிராகச் சிலருடைய உடலே திரும்பி, பக்கவாதம் வரை கொண்டுபோய் விட்டது. உயிரைக் காக்கப் போட்ட ஊசியால் கால் விளங்காமல் போனவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுக்கள் இதைக் கைவிடும்படி தொடர்ந்து வலியுறுத்தின. இந்தியாவில் அதன் உற்பத்தி 2004 இறுதியில்தான் நின்றது. மலிவு என்ற காரணத்தால் ஏழைகள் இந்த ஆபத்தை நெடுங்காலம் சுமந்தார்கள் என்பது மறக்கக் கூடாத வருத்தம். குன்னூர் அதற்கு மாற்றாக, குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெருக்கிய வீரோ செல்களில் வைரஸை வளர்த்துத் தயாரிக்கும் தடுப்பூசியைப் பொதுத்துறையில் உருவாக்கியது. ஒரு ஊசியில் குறைந்தது 2.5 சர்வதேச அலகு வீரியம் வேண்டும் என்பது உலக அளவுகோல். கையில் போடும் சில ஊசிகளோடு சிகிச்சை முடிகிறது. தொப்புளைச் சுற்றிய பதினான்கு ஊசி என்ற அச்சம் கிராமங்களில் இன்னும் தங்கியிருப்பதால், கடிபட்டும் ஊசிக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சம் காலாவதியாகிவிட்டது என்று சொல்ல வேண்டிய கடமை குன்னூருக்கே முதலில் உண்டு.

அளவுகோல் என்பது பிறருக்கு மட்டும் உரியதல்ல என்பதை 2008 உணர்த்தியது. குழந்தைகளுக்கான முத்தடுப்பூசியைக் குன்னூர் நாடு முழுவதற்கும் தயாரித்து வந்தது. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி ஆகிய மூன்றிலிருந்தும் காக்கும் அந்த மருந்து, 1974-ல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தின் முதுகெலும்புகளில் ஒன்று. நல்ல உற்பத்தி நடைமுறை எனப்படும் தர விதிகளை நிறைவுசெய்யவில்லை என்று கூறி, 2008 ஜனவரியில் குன்னூர், கசௌலி, கிண்டி ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் உற்பத்தி உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உலகத் தர மதிப்பீட்டில் தேறினால்தான் இந்தியத் தடுப்பூசிகளை ஐ.நா. அமைப்புகள் வாங்கும் என்ற நெருக்கடி பின்னணியில் இருந்தது. எதிர்ப்புகளும் வழக்கும் விசாரணைக் குழுவும் நடந்தபின் 2010 பிப்ரவரியில் அந்த ஆணை விலக்கப்பட்டது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விதி சரியானது, குழந்தையின் உடம்பில் ஏறும் மருந்து சுத்தமான அறையில், வடிகட்டிய காற்றில், தடம்காணக் கூடிய ஏடுகளோடு செய்யப்பட வேண்டும் என்பதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. தவறு நடந்தது விதியில் அல்ல, அதற்கு முந்தைய ஆண்டுகளில். விதிகள் மாறிவருவதை அறிந்தும் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கப் போதிய பணமும் காலமும் ஒதுக்காமல், கடைசியில் ஒரே ஆணையில் உற்பத்தியை நிறுத்தியது வீட்டைப் பழுதுபார்க்காமல் விட்டுவிட்டு, மழை வந்ததும் குடியிருந்தவரை வெளியேற்றியது போன்றது. அந்த இடைவெளியில் அரசு தனியார் உற்பத்தியாளர்களை நம்ப நேர்ந்தது. சொந்தமாக மருந்து செய்யும் திறனை இழந்த மையம், உலக மேசையில் கேட்பவராக உட்காருமே தவிர பேசுபவராக உட்காராது. புதிய தர விதிகளுக்கேற்ற உற்பத்தி வளாகம் பிறகு குன்னூரில் எழுந்தது நல்ல செய்தி.

இன்று ஒத்துழைப்பில் எழும் சிக்கலான கேள்வி வேறு. 1957-ல் குன்னூர் தன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பியபோது பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2007-ல், இந்தோனேசியா அதைக் கேட்டது: எங்கள் நோயாளியிடம் எடுத்த பறவைக்காய்ச்சல் வைரஸைக் கொண்டு வெளிநாட்டு நிறுவனம் தடுப்பூசி செய்து, அதை எங்களுக்கு எட்டாத விலைக்கு விற்குமானால், நாங்கள் ஏன் மாதிரி அனுப்ப வேண்டும்? அந்தக் கேள்வியால் மாதிரிப் பகிர்வு சிறிதுகாலம் தடைப்பட்டது. 2011-ல் பெருந்தொற்று ஃப்ளூவுக்கென ஓர் ஏற்பாட்டை உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. மாதிரி கொடுக்கும் நாட்டுக்குத் தடுப்பூசியிலும் பலனிலும் பங்கு உண்டு என்பது அதன் சாரம். கொரோனாவில் அந்தப் பங்கு எவ்வளவு ஏற்றத்தாழ்வாகக் கிடைத்தது என்பதை அனைவரும் கண்டோம். 2025 மே மாதம் ஏற்கப்பட்ட பெருந்தொற்று உடன்படிக்கையில், மாதிரிப் பகிர்வையும் பலன் பகிர்வையும் பற்றிய பின்னிணைப்பு மட்டும் தனிப் பேச்சுவார்த்தைக்குத் தள்ளிவைக்கப்பட்டதிலிருந்து, அந்த முடிச்சு எவ்வளவு இறுக்கமானது என்று புரியும்.

உலகில் நாய்வழி வெறிநோயால் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில். 2030-க்குள் இதைச் சுழியாக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் இலக்கு வைத்திருக்கின்றன. அதற்கு ஊசி மட்டும் போதாது. கடித்த நாய் செத்துவிட்டால் அதன் மூளையைச் சோதித்து ஓரிரு நாளில் விடை சொல்லும் ஆய்வகம் எட்டும் தொலைவில் வேண்டும். அந்த வேலைக்குக் கைபழகிய ஆட்கள் மாவட்டந்தோறும் வேண்டும். 1952-ல் அயல்நாட்டவரை அழைத்து நாய் மூளைப் பூச்சைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த குன்னூர், அதே வகுப்பை இன்றைய முறைகளோடு நம் மாவட்டக் கால்நடை மருத்துவர்களுக்கும், இலங்கை, நேபாளம், வங்கதேசம் போன்ற அண்டை நாட்டு ஆய்வகத்தாருக்கும் ஆண்டுதோறும் நடத்தலாம். அதற்குப் புதிய ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. நுண்ணோக்கிகளும், சில விடுதி அறைகளும், பயண அனுமதியும், கற்றுக்கொடுக்க ஆளும் இருந்தால் போதும். கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இப்போதும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.